பக்கவாதம் வந்தவர் வண்டி எடுக்கலாமா? கை தேறினால் மட்டும் போதாது!

"இப்போ நல்லாத்தான் இருக்கேன். கை தூக்குறேன், கால் மடக்குறேன். அப்புறம் என்ன? சாவியைக் குடு!"

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்கள் வீட்டில், இந்தப் பேச்சு இரண்டாவது வாரமே ஆரம்பமாகிவிடும். ஒரு பக்கம் சாவி கேட்கும் அப்பா. மறுபக்கம் சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்கும் மகன். இரண்டு பேர் மேலும் தப்பு இல்லை. எப்போது ஓட்டலாம், எப்போது கூடாது என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லாததுதான் தப்பு!

வண்டி என்பது பட்டணத்துக்காரருக்குச் சொகுசு அல்ல. சைதாப்பேட்டை காய்கறிக் கடைக்காரர் விடிவதற்குள் கோயம்பேடு போய்ச் சரக்கு ஏற்றி வரவேண்டும். அம்பத்தூர் குமாஸ்தா ஸ்டேஷன் வரை ஸ்கூட்டரில் போனால்தான் ரயிலைப் பிடிக்கலாம். ஆட்டோக்காரருக்கோ வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும். "இனிமே ஓட்டாதே" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். அந்த வார்த்தையால் ஒரு குடும்பத்தின் வரவு நின்றுவிடும்.

அதற்காக, "என்னால முடியும்" என்று நினைப்பவர் எல்லாம் ஸ்டியரிங் பிடிக்கலாமா? கூடாது!

பேச்சு ஏமாற்றும்!

பக்கவாதம் என்றால் வாய் கோணும், பேச்சு குழறும், கை கால் விழும் என்றுதான் ஊருக்குத் தெரியும். இந்த மூன்றும் சரியானால் ஆள் தேறிவிட்டார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஆனால் வண்டி ஓட்டுவது கை காலின் வேலை மட்டுமா? கண் பார்க்க வேண்டும். பார்த்ததை மூளை கவனிக்க வேண்டும். அப்புறம்தான் காலுக்கும் கைக்கும் வேலை.

மூளையின் வலது பக்கம் அடிபட்டவர்களில் பலருக்கு வார்த்தை தவறுவதில்லை. கணக்கு வழக்கு எல்லாம் சொல்வார்கள். ஆனால் அவர்களில் சிலருக்கு, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். கண் கெடவில்லை, கவனம்தான் போய்விட்டது. இலையில் இடப்பக்கம் வைத்த பொரியல் தொடாமல் கிடக்கும். சவரம் செய்தால் இடது கன்னத்தில் தாடி அப்படியே நிற்கும். "ஏங்க, இந்தப் பக்கம் விட்டுட்டீங்களே?" என்று மனைவி கேட்டால், "எந்தப் பக்கம்?" என்பார். தனக்கு ஒரு குறை இருப்பதே அவருக்குத் தெரியாது!

இப்படிப்பட்டவர் அண்ணா சாலையில் வண்டி ஓட்டினால் என்ன ஆகும்? நடந்து போகிறவர், சைக்கிள்காரர், பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர், இடுக்கில் புகுந்து முந்துகிற பைக் பையன், எல்லாரும் இருப்பது அந்த இடது பக்கத்தில்தானே!

வேறு சிலருக்குப் பார்வையிலேயே ஒரு பாதி மறைந்துவிடும். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் தெரியாது. எதிரே நிற்கும் காரின் நம்பரைப் படிப்பார்கள். பக்கத்தில் வரும் ஆட்டோ மட்டும் கண்ணில் படாது.

இன்னும் சிலருக்கு எல்லாம் தெரியும். ஆனால் தெரிந்ததும் பிரேக் மிதிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். ஒரு வினாடிதானே என்று நினைக்க வேண்டாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். அது ஏறக்குறைய ஒரு மாநகர பஸ்ஸின் நீளம்!

வந்து போன வாதம்

"கை மரத்துப் போச்சு. பத்து நிமிஷத்துல சரியாயிடுச்சு. வெயில் காரணமா இருக்கும்" என்று சோடா குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு.

மூளைக்குப் போகும் ரத்தம் சிறிது நேரம் தடைபட்டு, மறுபடி ஓட ஆரம்பித்தாலும் இப்படி ஆகும். கை தேறிவிடும், பேச்சு தேறிவிடும், ஆள் பழையபடி ஆகிவிடுவார். அப்படியானால் வண்டி ஓட்ட என்ன தடை?

தடை இதுதான்: வந்து போன வாதத்துக்குப் பின்னால் பெரிய வாதம் வரலாம். முதல் இரண்டு நாளும் முதல் வாரமும்தான் ரொம்ப ஆபத்தானவை. அது சாப்பிடும்போது வந்தால் தட்டு விழும். கத்திப்பாரா மேம்பாலத்தில் வந்தால்?

வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, அது சரியாகிவிட்டாலும்கூட, அன்றைக்கே ஆஸ்பத்திரி போகவேண்டும். அதற்கும் சொந்த வண்டியை எடுக்கக்கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும்!

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. ஓட்டத் தகுதியில்லாத உடல்நிலையில் ஓட்டுவது 186-வது பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை அபராதம் 1,000 ரூபாய் வரை. நோயால் ஒருவர் ஓட்டத் தகுதியில்லாதவர் என்று நம்பக் காரணம் இருந்தால், லைசென்ஸ் அதிகாரி டாக்டர் சான்று கேட்கலாம். லைசென்சையே ரத்தும் செய்யலாம். இது 16-வது பிரிவு.

ஆனால் பக்கவாதம் வந்தவர் எத்தனை நாள் ஓட்டக்கூடாது என்ற கணக்கு இந்தச் சட்டத்தில் கிடையாது!

45 வயதில் லைசென்சைப் புதுப்பித்தால் அது 10 ஆண்டு செல்லும். 47 வயதில் வாதம் வந்தால், 55 வயது வரை அதைக் கேட்க ஆள் இல்லை. அவரவர் நிரப்பித் தரும் உறுதிமொழிப் படிவம், 25 மீட்டர் தூரத்தில் நம்பர் பிளேட் படிக்க முடியுமா என்று கேட்கிறது. பாதிப் பார்வை போனவரும் அதைப் படித்துவிடுவாரே!

இங்கிலாந்தில் இதற்குக் கணக்கு உண்டு. பெரிய வாதமோ, வந்து போன வாதமோ, கார், மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் 1 மாதம் ஓட்டக்கூடாது. பஸ், லாரி ஓட்டுகிறவர் 1 ஆண்டு ஓட்டக்கூடாது. ஒரு மாதத்துக்குப் பிறகும் குறை இருந்தால் கார் ஓட்டுகிறவரும் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தேறிவிட்டவர் பழையபடி ஓட்டலாம். வாழ்நாள் தடையும் இல்லை, கண்டுகொள்ளாமல் விடுவதும் இல்லை.

என்ன செய்யலாம்?

ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை, பத்தியம், மறுபடி வரவேண்டிய தேதி எல்லாம் எழுதுகிறார்கள். அதோடு ஒரு வரி: "இந்தத் தேதி வரை வண்டி ஓட்டக்கூடாது. அதன்பின் சோதித்துச் சொல்லப்படும்." இது இருந்தால், வீட்டில் சாவிச் சண்டைக்கே இடம் இல்லை. அப்பாவும் மகன்மேல் கோபப்பட மாட்டார். டாக்டர் சொன்னது என்று ஆகிவிடுமே!

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. மாத்திரை கொண்டுவருபவர், "வண்டி ஓட்டுறீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். எத்தனையோ விபத்தைத் தடுக்கலாம்.

ஆட்டோ, டாக்சி ஓட்டுகிறவர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. வாதத்தால் வண்டியை நிறுத்தியவருக்கு அந்த மாத அரிசி பருப்புக்காவது அது கைகொடுக்க வேண்டும். பசித்த வயிறு டாக்டர் பேச்சைக் கேட்காது!

திரும்ப ஓட்டுகிறவரும் நிதானமாக ஆரம்பிக்க வேண்டும். முதலில் டாக்டரிடம் போகவேண்டும். கண் டாக்டரிடம், இரண்டு பக்கமும் பார்வை எட்டுகிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். வலிப்பு வந்திருந்தால் டாக்டர் அனுமதிக்கும்வரை வண்டியைத் தொடவே கூடாது. கார் ஓட்டுகிறவர் காலி மைதானத்தில், பகலில், ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்கலாம். ஸ்கூட்டர்காரருக்கு உடம்பு சாயாமல் நிற்பதே முதல் பரீட்சை. அதில் தேறாதவருக்குப் பஸ்ஸும் மின்சார ரயிலும் மெட்ரோவும் இருக்கின்றன. வலது கால் தேறாதவருக்கு இடது காலால் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்படி காரை மாற்றி அமைக்கலாம். சட்டமும் அதற்கு வழி வைத்திருக்கிறது.

வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது சாவியை அல்ல, சாப்பாட்டு இலையை! இடது பக்கம் பொரியல் மிச்சம் இருந்தால், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பக்கவாதம் வந்தவரைப் பயமுறுத்தி மூலையில் உட்காரவைப்பதும் தப்பு. தைரியம் சொல்லி ரோட்டில் இறக்கிவிடுவதும் தப்பு. நடுவில் இருப்பது ஒரு மாதப் பொறுமையும் ஒரு டாக்டர் சோதனையும்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த ஒரு வரி எழுத எந்த ஆஸ்பத்திரிக்கும் காசு செலவாகாது.

எழுதச் சொல்லி உத்தரவு போட சுகாதாரத் துறைக்கு என்ன தயக்கம்?