சுவிட்சை அணைத்தால் போதுமா?

மேட்டூர் அணை 1934-ம் வருஷத்தில் கட்டி முடிந்தது. 1937-ல் அணையின் அடிவாரத்து மின்சார நிலையம் வேலை செய்யத் தொடங்கிற்று. அன்னிய ஆட்சியில் எழுந்த காரியம். நீர்த்தேக்கத்திற்குக் கவர்னர் ஸ்டான்லியின் பெயரைச் சூட்டிக் கொண்டார்கள். ஆனால் வீடு வாசலையும் நிலத்தையும் தண்ணீருக்கு விட்டுக் கொடுத்து வெளியேறியவர்கள் நம் ஜனங்களே. அந்த மின்சாரம் இன்று நம்முடையது. அதைத் தொடும் விதந்தான் நமக்கு இன்னும் கைவரவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2019, 2020, 2021 ஆகிய ஒவ்வொரு வருஷத்திலும் மின்சாரம் தாக்கி இந்தியாவில் மாண்டவர்கள் பதினாயிரத்திற்கு மேல். வயல் வேலியிலும் அறுந்து விழுந்த கம்பியிலும் இறந்தவர்கள் இதில் உண்டு. தம் வீட்டுக் கூடத்தில் பல்பு மாற்றப் போய் இறந்தவர்களும் உண்டு. முன்னவற்றிற்குச் சர்க்காரைக் கேட்கலாம். பின்னதற்கு நாமும் பதில் சொல்லியாக வேண்டும்.

சுவிட்சை அணைத்து விளக்கு அவிந்தால் ஹோல்டரில் மின்சாரம் இல்லை என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. அது எப்போதும் உண்மையன்று. விளக்குக்கு இரண்டு கம்பிகள் செல்லுகின்றன. பேஸ் கம்பி மின்சாரத்தைக் கொண்டு வருகிறது. நியூட்ரல் கம்பி திரும்பக் கொண்டு போகிறது. சுவிட்ச் பேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. அரைகுறைத் தொழிலாளி அதை நியூட்ரலில் இணைத்துவிட்டாலும் விளக்கு சொன்னபடி எரியும், சொன்னபடி அவியும். வீட்டுக்காரருக்குச் சந்தேகமே தோன்றாது. ஆனால் அவிந்த விளக்கின் ஹோல்டரில் 230 வோல்ட் காத்துக் கொண்டிருக்கும். அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு இரவில் மங்கலாக மினுங்கினால் இக்கோளாறு இருக்கலாம். ஈரச் சுவரில் கசிவிருந்தாலும், சுவிட்சில் சிறு காட்டி விளக்கு வைத்திருந்தாலும் அப்படி மினுங்குவதுண்டு. எதுவாயினும் பார்த்துவிடுவதே நலம்.

ஆகவே பல்பைத் தொடுமுன் மெயினை அணைக்க வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீடாயின் அதையும் நிறுத்த வேண்டும். மெயின் அவிந்தாலும் அது விளக்குக் கம்பிக்கு மின்சாரம் ஊட்டும். டெஸ்டரை முதலில் உயிருள்ள பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்த பின்பே அதன் வார்த்தையை நம்பலாம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கலாகாது. காய்ந்த மரப்பலகை வேண்டும். வேறிடத்தில் எரிகிற நல்ல பல்பொன்றை மாட்டிப் பார்த்தால் கோளாறு பல்பிலா வெளியிலா என்பது தெரிந்துவிடும். சுவிட்ச் சூடேறினாலும், சடசடவென்று ஒலித்தாலும், கருகல் நாற்றம் வீசினாலும் உள்ளே திருகு தளர்ந்திருக்கிறதென்று கொள்ளலாம். வீட்டுக்காரரின் அதிகாரம் அவ்வளவோடு முடிகிறது. சுவிட்ச் பலகையைத் திறப்பது சான்றிதழ் பெற்ற கம்பியாளரின் வேலை.

பியூஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடிக்கடி போகிறதென்று அதில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைக்கும் கெட்டிக்காரர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சுமை அதிகமென்று பியூஸ் கூவுகிறது. இவர்கள் அதன் கழுத்தை நெரிக்கிறார்கள். பிறகு எரிவது சுவருக்குள் இருக்கும் கம்பி. சரியான பியூஸ்கூட மனித உயிரைக் காப்பதற்கு ஏற்பட்டதன்று. 25 வாட் குண்டு பல்பில் ஓடுவது ஓர் ஆம்பியரில் ஏறக்குறைய பத்திலொரு பங்கு. அது நெஞ்சின் வழியே பாய்ந்தால் ஆள் பிழைப்பது அரிது. 5 ஆம்பியர் பியூஸோ அசையாமலே இருக்கும். உயிரைக் காக்க 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் தனிக் கருவி இருக்கிறது. இரண்டு கம்பிகளையும் இரு கைகளால் பிடித்தவரை அதுவும் காப்பாற்றாது என்பதை மறக்கலாகாது.

ஜலகண்டாபுரம், வனவாசிப் பக்கங்களில் வீட்டோடு சேர்ந்தே தறி ஓடுகிறது. விளக்குக்குப் போட்ட கம்பியிலிருந்து தறி மோட்டாருக்கு இழுப்பதும், எர்த் குழியைக் கோடையில் காய விடுவதும் அங்கே ஆபத்தை இரட்டிப்பாக்கும். நமது தேசபக்தர்களையும் விட்டுச் சொல்வதற்கில்லை. பொதுக்கூட்டப் பந்தலுக்கு மின்கம்பத்தில் கொக்கி மாட்டி விளக்கெரிப்பதை வீரமென்று நினைக்கும் தொண்டர்கள் எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறார்கள். திருட்டு என்பது ஒருபுறமிருக்க, அந்தப் பந்தலில் பியூஸுமில்லை, எர்த்துமில்லை. கூட்டத்தில் குழந்தைகள் மாத்திரம் உண்டு.

புது வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கையில் சோதனை நடக்கிறது. முப்பது வருஷத்து வீட்டை யார் பார்க்கிறார்கள்? இரண்டு மாதத்திற்கொரு முறை மீட்டர் பார்க்க வரும் ஊழியர், எண்ணைக் குறித்துக் கொண்டு போய்விடுகிறார். அவரைக் குறை கூறுவது நியாயமாகாது. அவருக்கு இட்ட வேலை அவ்வளவுதான். சுவிட்சை அணைத்தபின் ஹோல்டரில் டெஸ்டர் எரிகிறதா என்று பார்க்கச் சில நிமிஷம் போதும். மேட்டூர் அணை அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்தொழில் கற்கும் மாணவர்களை, தகுதி பெற்ற கம்பியாளர்களின் மேற்பார்வையில், வருஷத்திற்கொரு முறை தெருத் தெருவாக அனுப்பி இச்சோதனையை இலவசமாக நடத்த நகராட்சியும் மின்வாரியமும் ஏற்பாடு செய்ய வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம். ஏழைகள் வீட்டில் கண்ட பிழையைத் திருத்தும் செலவையும் பொதுப்பணத்திலிருந்தே கொடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் மண் காய்ந்து எர்த் பலவீனப்படுமுன் இதைத் தொடங்குவது உசிதம்.