மூலத்தை விஞ்சிய உரை

1975 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளியானபோது ‘தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’ ஒரு தோல்விப் படம். லண்டன் ராயல் கோர்ட் அரங்கின் மாடியில், 63 பேர் மட்டுமே உட்காரக்கூடிய இடத்தில், 1973 ஜூனில் தொடங்கி வருடக்கணக்கில் ஓடிய ஓர் இசைநாடகத்தின் திரைவடிவம் அது. எழுதியவர் ரிச்சர்ட் ஓ’பிரையன், இயக்கியவர் ஜிம் ஷார்மன். மழையிரவில் காரின் டயர் வெடித்து, நடுவழியில் தெரியும் மாளிகைக்கு உதவி கேட்டுப் போகும் பிராட், ஜேனட் என்ற ஜோடி. அங்கே பெண்களின் உள்ளாடையும் குதிகால் செருப்பும் அணிந்து உலவும் வேற்றுக்கிரக விஞ்ஞானி. அவன் ஆய்வுக்கூடத் தொட்டியில் தனக்கென்று உருவாக்கிக்கொள்ளும் பொன்னிறக் கட்டழகன். கதை இவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் அரங்கில் கூட்டம் வந்தது, மற்ற ஊர்கள் கண்டுகொள்ளவில்லை. ஃபாக்ஸ் நிறுவனம் நியூயார்க் வெளியீட்டையே கைவிட்டது. 1976 ஏப்ரல் முதல் தேதி அந்த நகரின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், வேவர்லி அரங்கில், நள்ளிரவுக் காட்சியாக மட்டும் படம் திரும்பி வந்தது. சில மாதங்களில் பார்வையாளர்கள் திரையோடு பேச ஆரம்பித்துவிட்டார்கள். கொட்டும் மழையில் செய்தித்தாளைத் தலைக்குமேல் பிடித்தபடி நடக்கும் கதாநாயகி ஜேனட்டைப் பார்த்து, குடை ஒன்று வாங்கித் தொலைக்கக் கூடாதா, கஞ்சப் பிசினாறி, என்று யாரோ கத்தியதுதான் தொடக்கம் என்பார்கள். அந்தக் கத்தல் இன்னும் ஓயவில்லை. உலகத் திரைப்பட வரலாற்றில் மிக நீண்ட காலம் அரங்குகளில் ஓடிக்கொண்டிருக்கும் படம் இதுதான்.

இதற்கு இரண்டு சுலபமான விளக்கங்கள் உண்டு. மோசமான படம், ஆகவே ஜனங்கள் கேலி செய்கிறார்கள் என்பது ஒன்று. அபிமானிகளின் பைத்தியம், படம் எதுவாக இருந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான் என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு என்பது எமது கட்சி. அந்த அரங்குகளில் ஐம்பது ஆண்டுகளாக நடந்துவருவது ஒருவகை விமர்சனம். ஒருவர் பெயரும் ஒட்டாமல், பலர் சேர்ந்து, வாய்மொழியாகவே திருத்தித் திருத்தி எழுதிவரும் விமர்சனம்.

முதல் விளக்கத்தை எடுத்துக்கொள்வோம். மோசமான அறிவியல் புனைகதைப் படத்தைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கம் வேறாக இருக்கிறது. அதன் சிகரம் இயக்குநர் எட் வுட்டின் ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’. படம் முடியுமுன்பே அதன் நடிகர் பேலா லுகோசி இறந்துபோனார். அவருக்குப் பதிலாக அவரைவிட உயரமான வேறொருவர், மேலங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டு நடந்துபோகிறார். 1980இல் மெட்வெட் சகோதரர்கள் வெளியிட்ட புத்தகம் இதற்கு உலகின் மிக மோசமான படம் என்ற பட்டத்தைக் கொடுத்த பிறகுதான் இதன் புகழ் பரவியது. இங்கே சிரிப்பவர் படத்தைவிட உயரமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மனிதரின் இயலாமை அவருக்குப் பொழுதுபோக்கு. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் குரூரம் கலந்திருப்பதாகவே எமக்குப் படுகிறது. ராக்கி ஹாரர் பார்வையாளர்களின் இடம் இதுவல்ல. அவர்கள் தாங்கள் கேலி செய்யும் பாத்திரங்களின் உடையையே தைத்து அணிந்துகொண்டு வருகிறார்கள். இகழ்ச்சிக்குரியவன் என்று கருதும் ஒருவனுடைய முகப்பூச்சை வாராவாரம் யாரும் தன் முகத்தில் பூசிக்கொள்வதில்லை. தவிர, இந்தப் படம் தன் அசட்டுத்தனத்தை அறியாத படமும் அல்ல. ‘கிங் காங்’, ‘ஃபிளாஷ் கார்டன்’, ‘ஃபர்பிடன் பிளானட்’ என்று பழைய திரை அற்புதங்களை வரிசையாக நினைவுகூரும் பாட்டோடுதான் அது தொடங்குகிறது. 1964இல் சூசன் சாண்டாக் மிகையையே ரசிக்கும் ‘கேம்ப்’ ரசனையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற குறிப்புகளில், தன்னை அறியாத மிகையே தூய்மையானது, தெரிந்தே செய்யும் மிகை அதற்கு ஒரு படி கீழே என்ற கருத்து உண்டு. அந்த அளவுகோலில் ராக்கி ஹாரர் இரண்டாம் தரம். ஆனால் சாண்டாக் கணக்கில் கொள்ளாத ஒன்று உண்டு: தெரிந்தே மிகை செய்யும் படைப்பு எதிரே இருப்பவரை ஆட்டத்துக்கு அழைக்கிறது. தன்னை அறியாத படைப்பால் அது முடியாது.

அழைப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் கதை சுவாரசியமாகிறது. மேடையில் பார்வையாளர்களின் சிரிப்புக்கு இடம்விட்டு நடித்துப் பழகிய டிம் கறி, பட்ரீஷியா க்வின், ஓ’பிரையன் முதலானவர்களே படத்திலும் நடித்தார்கள். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே ஒரு மேடைத்தனமான காத்திருப்பு படம் நெடுக உண்டு. காலி அரங்கில் அது தொய்வாகத்தான் தெரிந்திருக்கும். கதைசொல்லியாக வரும் குற்றவியல் அறிஞர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு விடுகிறார். விஞ்ஞானியாக வரும் டிம் கறி, எதிர்பார்ப்பைக் குறிக்கும் சொல்லையே பாதியில் நிறுத்திவிட்டுப் புன்னகைக்கிறார்; அரங்கு முழுவதும் ‘சொல்லித் தொலை’ என்று கூவிய பிறகு மீதிப் பாதி வருகிறது. இவையெல்லாம் திறந்துகிடந்த கதவுகள். ஆனால் பார்வையாளர்கள் உள்ளே நுழைந்ததோடு நிற்கவில்லை. திரையில் ஒருவர் வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் அரங்கிலிருந்து ஒரு கேள்வி கிளம்பும். 1974இல் படமாக்கப்பட்ட வசனம் அந்தக் கேள்விக்கு அசட்டுப் பதிலாக மாறிவிடும். படத்தின் ஒரு சட்டகத்தைக்கூடத் தொடாமல் அதன் பொருளை மாற்றிவிடுகிறார்கள். நம் உரையாசிரியர்கள் செய்ததும் இதைத்தான். மூலத்தின் ஓர் எழுத்தை மாற்ற அவர்களுக்கு உரிமையில்லை. இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு வினாவை எழுப்பி, அடுத்த வரியை அதற்கு விடையாக்க உரிமை உண்டு. நல்ல உரைகாரர் மூலத்தோடு முரண்படவும் செய்வார், முந்தைய உரைகாரரைக் கிண்டலும் செய்வார். வேவர்லியின் பால்கனியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த மரபைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது. தெரியாமலேயே அவர்கள் அதே வேலையைச் செய்தார்கள்.

பொருள்களை எறிவதும் இதே இலக்கணத்துக்குள் அடங்கும். திருமணக் காட்சியில் அரிசி, மழைக் காட்சியில் தண்ணீர்த் துப்பாக்கியும் தலைக்குச் செய்தித்தாளும், விருந்தில் விஞ்ஞானி மதுக்கோப்பையை உயர்த்தி ‘டோஸ்ட்’ சொன்னால் நிஜமான ரொட்டித்துண்டு. டாக்டர் ஸ்காட் என்பவர் வந்தால் கழிவறைக் காகிதம் பறக்கும், அமெரிக்காவில் அது அந்தப் பெயரில் விற்பதால். மட்டமான சிலேடைதான், மறுக்கவில்லை. ஆனால் சிலேடைக்கு மூலத்தைக் கூர்ந்து கேட்ட காது வேண்டும்.

இது ஏன் அங்கே, அப்போது நடந்தது என்ற கேள்விக்கும் படத்துக்குள் மட்டும் பதில் தேட முடியாது. நள்ளிரவுக் காட்சி என்ற வழக்கத்தை அதே நியூயார்க்கில் எல்ஜின் அரங்கு 1970 டிசம்பரில் ‘எல் டோப்போ’ படத்தைக் கொண்டு நிலைநிறுத்தியிருந்தது. ஆனால் அந்தப் படத்தைக் கஞ்சாப் புகைக்கு நடுவே மௌனமாக உட்கார்ந்து பார்த்தார்கள். வேவர்லியிலிருந்து ஸ்டோன்வால் மதுவிடுதி சில நிமிட நடை. அங்கே தன்பாலீர்ப்பாளர்கள் காவல்துறையை எதிர்த்து நின்ற 1969 ஜூன் கலவரத்துக்கு அப்போது ஏழு வயது. தன்பாலீர்ப்பு மனநோயல்ல என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அறிவித்தது 1973 டிசம்பரில்தான். படத்தில் அந்த ஜோடியின் கார் வானொலியில் நிக்சனின் ராஜினாமா உரை கேட்கிறது. பழைய ஒழுங்கு விடைபெறும் இரவில்தான் அவர்கள் வழி தவறுகிறார்கள். பகலில் வாய் திறக்க முடியாத பலருக்கு, இருட்டில் பலரோடு சேர்ந்து கத்தக் கிடைத்த இடம் அது. திரையில் அந்த வேற்றுக்கிரகவாசியைக் கொன்றுவிடுகிறார்கள். படம் கடைசியில் ஒழுங்கின் பக்கம் சாய்ந்துவிடுகிறது என்று குற்றம் சொல்ல இடமுண்டு. ஆனால் திரைக்கு முன்னால் அவனைப்போல் உடுத்தி உதடசைத்து நடிக்கும் நிழல் நடிகர் குழுவில் அவன் அடுத்த வாரம் மறுபடி வருவான், பல ஊர்களில் ஒரு பெண்ணாகவே வருவான். படத்தின் முடிவோடு உரை உடன்படவில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தொடக்கத்தில் தன்னிச்சையாக எழுந்த குரல் இருந்திருக்கலாம், இன்று இருப்பது மனப்பாடம். எந்த நொடியில் எதைக் கத்துவது, எதை எறிவது என்பதற்குக் கையேடுகள் உண்டு. 1983இலேயே நியூயார்க் எய்ட்த் ஸ்ட்ரீட் பிளேஹவுஸ் அரங்கின் கூச்சலைப் பதிவுசெய்து இசைத்தட்டாக விற்றார்கள். சீருடை அணிந்த கலகம் கலகமா என்று கேட்பவர்களுக்கு நாம் பாதி உடன்படுகிறோம். எறிபொருள்களைப் பையில் கட்டி நுழைவாயிலில் விற்கும் அரங்குகளைப் பார்த்தால் முக்கால்வாசி உடன்படத் தோன்றும். ஆனால் மனப்பாடம் என்பதாலேயே உயிரற்றது என்று முடிவுகட்டுவது அவசரம். இந்த உரைக்கு ஊருக்கு ஊர் பாடபேதம் உண்டு. அன்றைய அரசியல்வாதிகளின் பெயர்கள் உள்ளே வரும், பதவி போனதும் வெளியேறும். நேற்றைய நகைச்சுவை பழசானால் உதிரும். தெரிந்த வரியைச் சேர்ந்து சொல்வதுதான் முதன்முறை வருபவருக்குக் கூட்டத்துக்குள் கிடைக்கும் நுழைவு. தெரிந்த வரிக்குப் பிறகு விழும் அரை நொடி மௌனத்தில் புதிய வரியைப் போடுபவர் பழைய பார்வையாளர். மனப்பாடம் இல்லாவிட்டால் அந்த மௌனம் எங்கே விழும் என்றே யாருக்கும் தெரியாது.

இன்னொரு மறுப்பு: இந்த இரைச்சலில் படம் மூழ்கிவிடுகிறதே, அது படைப்புக்குச் செய்யும் அவமதிப்பல்லவா? முதல்முறை போகும் ஒருவர் கதையைப் பின்தொடர முடியாது என்பது உண்மை. ஆனால் எந்தப் படத்தையும் இப்படிச் செய்துவிட முடியாது. உம்பெர்ட்டோ எக்கோ ‘காஸபிளாங்கா’வைப் பற்றி எழுதிய கட்டுரையில், வழிபாட்டுக்குரிய படம் ஒன்று துண்டு துண்டாகப் பிரித்தெடுக்கத் தக்கதாக, மூட்டுகள் தளர்ந்ததாக இருக்க வேண்டும் என்கிறார். கச்சிதமாகக் கட்டப்பட்ட படத்தில் கை நுழையாது. ராக்கி ஹாரரின் தளர்ச்சி அதன் குறைதான். பாதிக்குமேல் கதை அலைகிறது. அந்தக் குறை ஒரு கூட்டத்துக்கு இடவசதியாகிவிட்டது. குறையையும் இடவசதியையும் ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொள்ளத் தயங்கும் விமர்சனம் இந்தப் படத்தின் முன் திகைத்து நிற்கும்.

பார்வையாளர் வெறும் அபிமானி, எதைப் போட்டாலும் கத்துவார் என்ற இரண்டாவது விளக்கத்தை மறுக்கும் சான்றைத் தயாரிப்பாளர்களே தேடிக்கொடுத்திருக்கிறார்கள். 1981இல் அதே ஓ’பிரையன், அதே ஷார்மன், அதே பிராட், ஜேனட் என்ற பெயர்கள். ‘ஷாக் ட்ரீட்மென்ட்’ என்ற படத்தை நள்ளிரவுக் காட்சிகளுக்கென்றே கொண்டுவந்தார்கள். முதல் படத்தின் கூட்டம் அதை அப்படியே தழுவிக்கொள்ளும் என்ற கணக்கு பலிக்கவில்லை. 2016இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி லவர்ன் காக்ஸை வைத்து ராக்கி ஹாரரையே மறுபடி எடுத்தது. அதில் திரையை நோக்கிக் கத்தும் பார்வையாளர் கூட்டத்தையும் படத்துக்குள்ளேயே நடிக்கவைத்துக் காட்டினார்கள். காக்ஸின் உழைப்பில் குறையில்லை. ஆனால் உரையையும் மூலகர்த்தாவே எழுதிக் கொடுத்துவிட்டால் வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குச் செய்ய என்ன மிச்சம்? மறுபுறம், 2019இல் டிஸ்னி ஃபாக்ஸை வாங்கி, பழைய படங்கள் பலவற்றை அரங்குகளுக்குத் தர மறுத்தபோதும் ராக்கி ஹாரருக்கு விலக்கு அளித்தது. போர்ட்லாந்தின் கிளின்டன் ஸ்ட்ரீட் அரங்கில் 1978 முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓடிவந்த படத்தை, 2020இன் கொரோனா ஊரடங்கிலும் நிறுத்தவில்லை; பார்க்க யாருமில்லாத அரங்கில் ஓட்டினார்கள். இதைப் பக்தி என்று எழுதிய பத்திரிகைகள் உண்டு. இன்னும் முடியாத ஒரு பிரதியை மூடிவைக்க மனமில்லாமை என்றே நாம் படிக்கிறோம்.

கடைசி மறுப்புதான் கடினமானது. இந்த உரையில் ஆரம்ப நாளிலிருந்து ஓர் அசிங்கம் உண்டு. பிராட் திரையில் வந்தால் ஒரு வசவு, ஜேனட் வந்தால் நடத்தை கெட்டவள் என்ற பொருளில் ஒரு வசவு. முதன்முறை வருபவர்களை மேடையேற்றிக் கூச்சப்படுத்தும் சடங்கும் உண்டு. போதாததற்கு, படத்திலேயே அந்த விஞ்ஞானி இருட்டில் ஆள்மாறாட்டம் செய்து இருவரின் படுக்கைக்கும் போகிறான். படம் அதை நகைச்சுவையாகக் கடந்துபோகிறது. ஒடுக்கப்பட்டவர்களின் கொண்டாட்டம் என்று சொல்லி இதை மன்னிக்க எமக்கு விருப்பமில்லை. காலம் அப்படி என்று சொல்லவும் விருப்பமில்லை. 1975லும் பெண்கள் இருந்தார்கள், அந்த அரங்குகளிலும் இருந்தார்கள். ஆனால் மூலத்துக்கும் உரைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பயன்படுகிறது. படத்தை இனி யாராலும் திருத்த முடியாது; 2005இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்துவிட்ட ஆவணம் அது. கத்தலைத் திருத்தலாம். ஜேனட்டுக்கான வசவைக் கைவிட்ட நிழல் நடிகர் குழுக்கள் இன்று இருக்கின்றன. மேடைச் சடங்கை விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றிய குழுக்களும் இருக்கின்றன. மரபு மரபுதான் என்று பிடித்துவைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் இடையே சண்டை நடக்கிறது. எமது ஆதரவு கைவிட்டவர்களுக்கே. அவர்கள் அந்த இடத்தைக் காலியாக விடாமல், பழையதைவிட வேடிக்கையான ஒரு வரியைக் கண்டுபிடித்தாக வேண்டும். இல்லையென்றால் பால்கனியிலிருந்து யாராவது பழையதையே கத்திவிடுவார்கள்.