44 நிமிடம் கேளுங்கள்

“ஒரே பாட்டு 44 நிமிடமா? யாருக்கு இருக்கிறது அவ்வளவு பொறுமை?”

விடுதி அறையில் இப்பாடலை ஒலிக்கவிடும் போதெல்லாம் நண்பர்கள் கேட்கும் கேள்வி இது. கேள்வி நியாயமானதே. நாம் கேட்டு வளர்ந்த திரைப்பாடல்கள் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால், இந்தப் பாடலின் நீளத்திற்கு ஒரு காரணம் உண்டு என்பது என் கருத்து.

பாடலின் பெயர் ‘திக் ஆஸ் எ பிரிக்’. ஆங்கிலேயர் அறிவு மந்தமானவரைச் செங்கல்லுக்கு ஒப்பிடுவர். நாம் ‘மரமண்டை’ என்கிறோமே, அதுபோல. இங்கிலாந்தின் ஜெத்ரோ டல் குழு 1972-இல் வெளியிட்ட இசைத்தட்டின் இரு பக்கங்களையும் இந்த ஒரே பாடல் நிறைத்துக்கொண்டது. முதல் பக்கம் முடிந்ததும் தட்டைத் திருப்பிப் போட்டுத்தான் மீதியைக் கேட்க வேண்டும். அப்படியிருந்தும் அவ்வாண்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இது முதலிடம் பிடித்தது.

இது பிறந்த கதை சுவையானது. குழுவின் முந்தைய தொகுப்பான ‘அக்வாலங்’ (1971) ஒரே கருப்பொருளைச் சுற்றி அமைந்தது என்று விமர்சகர்கள் எழுதினர். பாடகரும் புல்லாங்குழல் கலைஞருமான இயன் ஆண்டர்சன் அதை மறுத்தார். ‘அப்படியானால் உண்மையாகவே ஒன்றைச் செய்து காட்டுவோம்’ எனக் கேலியாகத் தொடங்கியதுதான் இது. தட்டின் உறையே 12 பக்க நாளிதழாக அச்சானது. அதன் தலைப்புச் செய்தி: எட்டு வயதுச் சிறுவன் ஜெரால்ட் போஸ்டாக் எழுதிய நெடுங்கவிதை பரிசு பெறுகிறது, தொலைக்காட்சியில் அதைக் கேட்டவர்கள் கொதித்தெழ, நடுவர்கள் பரிசைப் பறித்துச் சமயக் கட்டுரை எழுதிய ஒரு சிறுமிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அச்சிறுவனின் கவிதைதான் இந்தப் பாடல். சிறுவனும் கற்பனை, செய்தியும் கற்பனை. எழுதியவர் ஆண்டர்சன்.

கேலிதானே என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த ஆண்டுகளில் நான் பல பேச்சுப்போட்டி மேடைகளில் ஏறியிருக்கிறேன். பேசியவை யாவும் பெரியவர்கள் எழுதித் தந்தவை. ஒருமுறை சொந்தமாக நான்கு வரி சேர்த்தேன். ஒத்திகையிலேயே அவை நீக்கப்பட்டன. ஐந்து நிமிடம் ஆனதும் மணி அடிக்கும். பிள்ளைகளைத் தங்களைப் போலவே வார்த்தெடுக்க நினைக்கும் பெரியவர்களைப் பற்றி ஜெரால்டின் கவிதை பேசும்போது, அந்த மணியோசைதான் எனக்குக் கேட்கிறது.

இந்த இசைத்தட்டில் மணி அடிப்பதில்லை. சிறுவன் பேசி முடிக்கும்வரை நாம் கேட்டே ஆக வேண்டும். மெல்லிய கித்தார், புல்லாங்குழலுடன் பாடல் தொடங்குகிறது. பிறகு ஆர்கனும் முரசும் சேர்ந்து புயலாகின்றன, தாளம் மாறுகிறது, முன்பு கேட்ட மெட்டு வேறு உருவில் தலைகாட்டுகிறது. எல்லாம் ஓய்ந்தபின், முதலில் கேட்ட அதே மெல்லிய மெட்டு இறுதியில் திரும்புகிறது. தொடக்கத்தில் குறும்பாகத் தோன்றியது, இப்போது துயரமாக ஒலிக்கிறது. பின்னாளில் இப்பாடலிலிருந்து 3 நிமிடத் துண்டு ஒன்றை வெட்டியும் வெளியிட்டார்கள். அதில் மெட்டு இருக்கிறது. அந்தத் திரும்புதல் இல்லை. நீளம்தான் அதற்குப் பொருள் தருகிறது.

எல்லா வரிகளும் எனக்கு விளங்கிவிட்டன என்று சொல்லமாட்டேன். ஆங்காங்கே வாத்தியங்கள் அளவுக்கு மீறி வித்தை காட்டுவதும் உண்மை. இருந்தும், முழுமையாகக் கேட்ட பின்னரே அதைக் குறை என்று சொல்லும் உரிமை எனக்குக் கிடைத்தது.

நண்பர்களே, ஒரு மாலை கைப்பேசியை அணைத்துவிட்டு இதைக் கேளுங்கள். பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை. நாளை நம்மில் பலர் ஆசிரியர்களாகவும் போட்டி நடுவர்களாகவும் அமரப்போகிறோம். அன்று ஒரு சிறுவன் சொந்த வரிகளோடு மேடையேறினால், மணியை நோக்கிக் கை நீள்வதற்கு முன் ஜெரால்டை ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.