சாவி யார் யார் கையில்?

தன்னார்வலர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு புதிய சர்வரைத் திறந்துவைக்கும் நாளில் வாழ்த்துக்குக் குறைவிருக்காது. மூன்றாவது மாதம் அந்தச் சர்வரின் டிஸ்க் நிரம்பி, படம் ஏறாமல் போகும்போதுதான் தொனி மாறும். “ரெண்டு நாளா வேலையே செய்யலையே, யாராவது பாக்குறீங்களா?” என்று ஒருவர் கேட்பார். கேட்டதில் தவறில்லை. ஆனால், அந்த ‘யாராவது’ பெரும்பாலும் ஒரே ஆள். பகலில் அலுவலகம், மாலையில் பிள்ளையின் வீட்டுப்பாடம், இரவு பதினொரு மணிக்கு மேல் சர்வர் என்று ஓடுகிறவர். நாலு பேர் திறந்ததை ஒருவர் சுமப்பதும், ஆயிரம் பேர் அதை இலவசச் சேவை என்று நினைத்துக்கொள்வதும் உலகம் முழுக்க நடக்கிறது. இதை மாற்றுவது சர்வர் நடத்துபவர், பயன்படுத்துபவர் என்ற இரு தரப்புக்கும் பொதுவான வேலை.

2022 அக்டோபர் 27 அன்று எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கி முடித்தார். அடுத்த சில வாரங்களில் லட்சக்கணக்கானவர்கள் மாஸ்டடான் பக்கம் போனார்கள். ட்விட்டர் போன்ற சமூக வலைத்தளத்தை நடத்துவதற்காக ஜெர்மனியைச் சேர்ந்த ஒய்கன் ரோச்கோ 2016இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் அதை நிறுவிக்கொள்ளலாம். 2018இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு ஏற்றுக்கொண்ட ‘ஆக்டிவிட்டிபப்’ என்ற பொது நெறிமுறையின் வழியே இந்தச் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இந்தியாவுக்கும் இது புதிதில்லை. 2019 நவம்பரில், உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதையொட்டி இங்கிருந்து ஒரு கூட்டமே மாஸ்டடானுக்குக் கிளம்பியது. பலர் திரும்பியும் வந்துவிட்டார்கள், அது வேறு கதை.

2022 அலையில் சிக்கிய சர்வர்களில் ‘ஹேக்கிடெர்ம்’ கவனித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. கிளவுட் தொழில்நுட்ப வட்டாரத்தில் பெயர்பெற்ற கிரிஸ் நோவா என்ற பொறியாளர், தன் வீட்டின் நிலவறையில் இருந்த கணினிகளில் அதை நடத்திவந்தார். ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை ஒரே மாதத்தில் 30,000 அளவுக்கு ஏறியது. பதிவு போட்டால் அடுத்தவருக்குப் போய்ச்சேரத் தாமதமானது. படம் போட்டால் ஏற மறுத்தது. தோண்டிப் பார்த்தபோது, டிஸ்க்குகளே பழுதாகிக்கொண்டிருந்தது தெரிந்தது. டிஸ்க்கில் எழுதுவது மெதுவாகிவிட, அதற்காகக் காத்திருந்த மற்ற வேலைகளெல்லாம் வரிசையில் தேங்கிக் கிடந்தன. நோவாவும் தன்னார்வலர்களும் ஜெர்மனியில் வாடகைக்கு எடுத்த சர்வர்களுக்கு எல்லாவற்றையும் மாற்றினார்கள். எங்கே எது உடைந்தது என்பதை ஒளிக்காமல் விரிவாக எழுதி உறுப்பினர்கள் முன் வைத்தார்கள்.

2023 ஆகஸ்டில் மலையேற்றத்தின்போது நடந்த விபத்தில் நோவா இறந்தார். ஹேக்கிடெர்ம் நிற்கவில்லை. சர்வர் நிலவறையை விட்டு வெளியேறியபோதே பொறுப்பும் அவர் ஒருவரின் கையை விட்டு வெளியேறியிருந்தது. நிவென்லி என்ற லாப நோக்கற்ற அமைப்பு, வேலையைப் பகிர்ந்துகொண்ட அட்மின்கள், புகார் வரும் பதிவுகளைக் கவனிக்கும் மட்டுறுத்துநர்கள் என்று ஒரு ஏற்பாடு உருவாகியிருந்தது. தொழில்நுட்பச் சாதனையாக டிஸ்க் கதையைத்தான் பலரும் பேசுகிறார்கள். எங்களுக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிவது இந்த இரண்டாவது இடமாற்றம்.

இந்த ஏற்பாடு இல்லாத இடங்களில் என்ன நடந்தது? ‘மாஸ்டடான்.டெக்னாலஜி’ என்ற பழைய சர்வரை நடத்தியவர், குடும்பத்தில் ஒருவரின் நோயால் நேரம் ஒதுக்க முடியவில்லை என்று சொல்லி 2022 இறுதியில் மூடினார். ஊரெல்லாம் மாஸ்டடானைத் தேடி ஓடிவந்த அதே நேரம் அது. சுமார் 12,000 பேர் இருந்த ‘மாஸ்டடான்.லோல்’ 2023இல் மூடப்பட்டது. தன் மேல் கொட்டப்பட்ட வெறுப்பைத் தாங்க முடியவில்லை என்றார் அதன் அட்மின். ‘குயர்.ஏஎஃப்’ கதை இன்னும் விசித்திரம். ஆப்கானிஸ்தானுக்கு உரிய டொமைன் பெயரில் அது இயங்கியது. 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு அந்தப் பெயரை முடக்க, சர்வர் நல்லபடியாக இருந்தும் முகவரி போய்விட்டது. இந்த மூன்றில் எதையும் நன்கொடை வசூலித்து மட்டும் காப்பாற்றியிருக்க முடியாது. பணம் இல்லாமல்தான் தன்னார்வ முயற்சிகள் சாகின்றன என்ற நினைப்பை நாம் கொஞ்சம் தள்ளிவைக்கலாம்.

சிறிய சர்வருக்கு மாத வாடகை சில நூறு ரூபாயிலேயே தொடங்குகிறது. லினக்ஸ் தெரிந்த இருவர் உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாஸ்டடானை நிறுவிவிடலாம். சனி பிடிப்பது அதற்கு அப்புறம்தான். பிற சர்வர்களில் இருப்பவர்களை நம் உறுப்பினர்கள் பின்தொடரத் தொடங்கியதும், அவர்கள் போடும் படங்களின் நகலெல்லாம் நம் டிஸ்க்கில் வந்து குவியும். நம் ஆட்கள் ஐம்பது பேர்தான், ஆனால் டிஸ்க்கை நிரப்புவது முகம் தெரியாத ஐயாயிரம் பேரின் பூனைப் படங்கள். பழைய நகல்களை அழிக்கும் கட்டளையைத் தினமும் தானாக ஓடும்படி வைக்காவிட்டால், ஒரு நள்ளிரவில் ‘95 சதவீதம் நிறைந்தது’ என்று கைபேசி அலறும். லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவசச் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு ஒருமுறை தவறினால் போதும், ‘இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல’ என்று பிரவுசர் மிரட்டும். புதிய உறுப்பினருக்குப் போகும் உறுதிப்படுத்தல் மின்னஞ்சல் ஸ்பேமில் விழும். “மெயிலே வரலைங்க” என்று அவர் எழுதுவார். இதெல்லாம் பெரிய வித்தை இல்லை. ஆனால், வாரா வாரம் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பேக்கப் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில், களைத்துப்போன பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தும் அவசரத்துக்கு எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்துவைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. சம்பளம் வாங்கும் குழு இருக்கும் நிறுவனத்தின் கதி இது. பேக்கப் எடுப்பதைப் போலவே, அதிலிருந்து ஒரு வெற்றுச் சர்வரில் மீட்டுப் பார்ப்பதும் வேலையில் சேர்த்திதான். மாதம் ஒருமுறை இதைச் செய்ய அட்மின் தேவையில்லை. கற்றுக்கொள்ள ஆசைப்படும் கல்லூரி மாணவர் போதும். இங்கே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போன்ற இடங்களில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

மாஸ்டடான் திட்டம் தன் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற விரும்பும் சர்வர்களுக்கு 2019இல் ஓர் உடன்படிக்கை வைத்தது. தினசரி பேக்கப் வேண்டும், இனவெறி, பாலின வெறுப்பு போன்றவற்றைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதோடு இரண்டு நிபந்தனைகள் அதில் உண்டு. அவசரத்தில் சர்வருக்குள் நுழைய இன்னொருவருக்காவது அனுமதி இருக்க வேண்டும். மூடுவதானால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். மூன்று மாதம் எதற்கு? மாஸ்டடானில் ஒருவர் வேறு சர்வருக்குக் குடிபெயரும்போது பின்தொடர்பவர்களைக் கூட்டிக்கொண்டு போக முடியும், பழைய பதிவுகளை அல்ல. அதற்கும் பழைய சர்வர் உயிரோடு இருந்தாக வேண்டும். ஒரு காலை திடீரென்று அணைந்துபோனால், போக்கிடம் சொல்லக்கூட வழியில்லை.

இன்னொருவர் கையில் சாவி இருப்பதைச் சிலர் அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘காசு போடுவது நான், ராத்திரி கண்விழிப்பது நான், கேள்வி கேட்க நீ யார்?’ என்ற கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும், பொதுவுக்கு என்று வந்துவிட்டால் கணக்கும் தவணையும் வந்தே தீரும். பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரியத்தைச் சொல்கின்றன. குடவோலையில் தேர்ந்தவருக்குப் பொறுப்பு 360 நாள்தான். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் ஓலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள். நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கே அங்கே இடம் என்பதை மறந்துவிட்டு அதைப் பொற்காலம் என்று கொண்டாட வேண்டியதில்லை. கணக்கும் கெடுவும் மட்டும் இரவல் வாங்கினால் போதும். சர்வருக்கு மாதா மாதம் வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று உறுப்பினர் பார்க்கும்படி போட்டுவிட்டால் பாதிச் சந்தேகம் எழாது. ஓராண்டு முடிந்ததும் ஓய்வு எடுக்கலாம் என்று தெரிந்தால், பொறுப்புக்கு வரத் தயங்குபவரும் வருவார்.

உறுப்பினர் தரப்பின் கடமையைப் பற்றியும் பேச வேண்டும். நன்கொடை கொடுப்பது அதில் எளிய பகுதி. மட்டுறுத்தல்தான் ஆளை உருக்கும் வேலை. புகார் வரும் படத்தை யாராவது ஒருவர் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒருவரே எல்லாவற்றையும் பார்த்தால் ஆறு மாதத்தில் அவர் ஓடிவிடுவார். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று பத்துப் பேர் முறை போட்டுக்கொண்டால் அதே வேலை தாங்கும். உதவிக் குறிப்புகளைத் தமிழில் எழுத, புதியவரின் ‘பாஸ்வேர்டு மறந்துபோச்சு’ கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. தங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி அலுவலர்களும் இருக்கிறார்கள் என்பதையே தொழில்நுட்பத் தன்னார்வலர்கள் பல நேரம் கவனிப்பதில்லை. கணக்கு எழுத அவர்களைவிட ஆள் உண்டா?

இந்தியாவில் சர்வர் வைப்பவருக்குச் சட்டச் சுமையும் உண்டு. 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள், குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிடச் சொல்கின்றன. புகாரை 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, குறித்த கெடுவுக்குள் தீர்க்க வேண்டும். பாதுகாப்பு மீறல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு. அரை கோடிப் பேர் உள்ள பெருந்தளங்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடுகள் உண்டு என்றாலும், அடிப்படைக் கடமைகளிலிருந்து சிறியவருக்கு விலக்கு இல்லை. ஒரு தனிமனிதர் தன் வீட்டு முகவரியைப் போட்டுவிட்டு இவ்வளவையும் தாங்குவது நடக்காத காரியம். சங்கமாகப் பதிவு செய்துகொள்வதோ, ஏற்கெனவே பதிவு பெற்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பு ஒன்றின் நிழலில் நிற்பதோ நல்லது. டொமைன் பெயரும் அந்த அமைப்பின் பெயரில் இருக்கட்டும்.

‘இவ்வளவு தொல்லை எதற்கு, பெரிய நிறுவனத்தின் தளத்திலேயே இருந்துவிடலாமே’ என்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. ‘ராயர் காபி கிளப்’, ‘மரத்தடி’ போன்ற யாஹூ குழுமங்களில்தான் ஒரு தலைமுறை இணையத்தில் தமிழ் எழுதிப் பழகியது. 2019 அக்டோபரில் யாஹூ, குழுமங்களின் உள்ளடக்கத்தை அழிக்கப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. முறையிட அங்கே ஆள் இல்லை. முன்கூட்டி இறக்கிவைத்தவரிடம் இருந்ததுதான் மிச்சம். தன்னார்வலர் சர்வரும் ஒருநாள் மூடலாம். ஆனால், மூடலாமா வேண்டாமா என்ற பேச்சில் உறுப்பினருக்கு ஒரு நாற்காலி போட முடியும்.

ரோச்கோவே 2025 நவம்பரில் மாஸ்டடானின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகி, வணிகச் சின்னம் உள்ளிட்டவற்றை லாப நோக்கற்ற அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பிடித்தது அதற்கு. இன்று புதிதாகத் தொடங்குபவர்கள் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. சர்வரை அறிவிப்பதற்கு முன்பே மூன்று பேருக்கு உள்ளே நுழையும் அனுமதி, ஒருவர் விலகினால் அடுத்தவர் யார், மூடும் நிலை வந்தால் எத்தனை நாள் அவகாசம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, சேர வருபவர் முதலில் படிக்கும் இடத்தில் வைத்துவிடலாம். அதைப் படித்துப் பார்த்துவிட்டு, மட்டுறுத்தல் முறைப் பட்டியலில் தன் பெயருக்கு எந்தக் கிழமை என்று கேட்கிறவரை முதல் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.