மரத்தின் நிறமும் ஒலியின் நிறமும்

ஹெட்போன் மதிப்புரைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கக்கூடும். காதை மூடும் கிண்ணம் மேப்பிள் மரமென்றால் ஒலி பளிச்சென்று இருக்கும். வால்நட் என்றால் கதகதப்பு. மகோகனி என்றால் முதிர்ந்த இனிமை. கருங்காலி என்றால் ஆழ்ந்த இருட்டிலிருந்து ஒவ்வொரு சுரமும் தனித்தனியே எழுந்து வரும். மேப்பிள் வெளிறிய மரம், வால்நட் பழுப்பு, மகோகனி செம்பழுப்பு, கருங்காலி கறுப்பு. காது எழுதியதாகச் சொல்லப்படும் இவ்வாக்கியங்களைக் கண்தான் எழுதியிருக்கிறதோ என்னும் ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு. பின்னட்டையில் ஆசிரியர் கரிசல் பூமியில் பிறந்தவர் என்று கண்டதுமே நூல் முழுதும் மண்வாசனை வீசத் தொடங்கிவிடும் விமரிசன மரபில் வளர்ந்த நமக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே.

மரத்துக்கு ஒலியில் பங்கே இல்லை என்று வாதிடுவது நம் நோக்கமன்று. வீணையின் பலாமரக் குடம் தந்தியின் அதிர்வை வாங்கித் தானும் அதிர்கிறது. அங்கே மரமே பாடுகிறது எனலாம். ஹெட்போன் கிண்ணத்தின் கடமை இதற்கு நேர்மாறானது. டிரைவரின் மெல்லிய சவ்வு காதை நோக்கி ஒலியை அனுப்பும்போதே பின்புறமும் ஒலியை அனுப்புகிறது. மூடிய கிண்ணம் அந்தப் பின்னொலியை அடக்கவேண்டும், தான் பாடக்கூடாது. சோனி நிறுவனம் 1989இல் கொண்டுவந்த எம்டிஆர்-ஆர்10 என்னும் புகழ்பெற்ற ஹெட்போனின் கிண்ணங்கள் கெயாகி மரத்தால் ஆனவை. ஜப்பானியரின் தைக்கோ முரசுகளுக்குப் பெயர்பெற்ற மரமும் அதுவே. அடித்தால் முழங்கவேண்டிய முரசுக்கும் முழங்கவே கூடாத கிண்ணத்துக்கும் ஒரே மரம் உகந்தது என்றால், மரத்தின் பெயர் மட்டும் நமக்கு என்ன சொல்லிவிடும்?

கிண்ணத்துக்குள் நடப்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். சில சென்டிமீட்டர் ஆழமே உள்ள கிண்ணத்தின் சுவர் இத்தகைய கீழ்ச்சுரங்களுக்கு ஒரு பொருட்டன்று. உள்ளே அடைபட்ட காற்றின் அளவுதான் அங்கே பேசுகிறது. அது சவ்வுக்குப் பின்னால் வில்சுருள்போல் இயங்குகிறது. கிண்ணத்தை ஆழமாகக் கடைந்தால் அந்தச் சுருள் தளர்ந்து கீழ்ச்சுரங்கள் மாறும். 5000 ஹெர்ட்ஸில் கதை வேறு. அலைநீளம் சுமார் 7 சென்டிமீட்டராகச் சுருங்கி, கிண்ணத்தின் அகலத்தோடு ஒப்பிடத்தக்கதாகிறது. எதிரொலி சுவர்களுக்கிடையே அலையும். இதைத் தணிப்பதில் உள்ளே ஒட்டப்படும் கம்பளித் துண்டின் வேலை, மெருகிட்ட எந்த மரப்பரப்பின் வேலையையும்விடப் பெரிது. காது மெத்தையின் பொருத்தம் இன்னொன்று: மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தையைச் சற்றே தூக்கினால் போதும், கீழ்ச்சுரங்கள் கசிந்து வெளியேறிவிடும்.

மரத்துக்கு மிஞ்சுவது எடையும் உள்தணிப்பும். மகோகனி கன மீட்டருக்கு ஏறத்தாழ 550 முதல் 600 கிலோ. கடின மேப்பிள் 700. கருங்காலி 1000ஐத் தொடும். தடித்துக் கனத்த சுவர் எளிதில் அதிராது. மெல்லிய பிளாஸ்டிக் கிண்ணம் தட்டினால் கணகணக்கும். மரம் பிளாஸ்டிக்கை வெல்லும் இடம் உண்டு என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் ஒரே தடிப்பில் கடைந்த இரு நல்ல மரங்களுக்கிடையே பாடகியின் குரலே மாறிவிட்டது என்பவரிடம் நாம் சான்று கேட்போம்.

அவர்கள் தரும் சான்றுகள் பெரும்பாலும் ஒப்பீடுகளே அல்ல. டெனான் நிறுவனத்தின் டி7200இல் வால்நட், டி5200இல் ஜீப்ரா மரம், டி9200இல் மூங்கில். (தொல்காப்பிய மரபியலின் கணக்கில் மூங்கில் மரமன்று, புல், வயிரம் வெளியே இருக்கிறது.) இவற்றை அடுத்தடுத்து அணிந்துவிட்டு மூங்கிலுக்கும் வால்நட்டுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுகிறார்கள். மாறியது கிண்ணம் மட்டுமன்று. அதே நிறுவனத்தின் டி5000 போன்ற பழைய மாதிரிகளுக்குப் பல மரங்களில் மாற்றுக்கிண்ணங்கள் கடைந்து விற்கப்பட்டன. அங்கே ஒப்பீடு சற்று நேர்மையானதுதான். ஆயினும் புதுக்கிண்ணத்தின் ஆழமும் உள்ளே ஒட்டிய கம்பளியும் பழையதைப்போலவே இருந்தால்தான். அதோடு, கழற்றி மாற்றிப் பூட்டும் நேரத்துக்குள் முந்தைய ஒலியின் நுண்மை நினைவிலிருந்து நழுவிவிடுகிறது.

கிதாரில் இதைச் சோதித்திருக்கிறார்கள். லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேறுபட்ட 6 கிதார்களை 52 கலைஞர்கள் வாசித்தார்கள். அறை மங்கலாக இருந்தது. கண்களில் வெல்டர் கண்ணாடி. விலைமிக்க பிரேசில் ஈட்டிக்கும் மலிவான சப்பேலிக்கும் அவர்கள் தந்த மதிப்பெண்களில் பெரிய வேறுபாடு எழவில்லை. மரம் அதிர்ந்தாகவேண்டிய கருவியிலேயே நிலைமை இதுவென்றால், அதிரக்கூடாத கிண்ணத்தில் என்ன எதிர்பார்ப்பது?

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பிரேசில் ஈட்டியின் வணிகத்துக்கு 1992இலேயே பன்னாட்டுத் தடை வந்துவிட்டது. 2017 முதல் அதன் உறவு மரங்களும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. காட்டில் அருகிவரும் மரம் ஒன்றுக்கு நாம் எழுதும் அடைமொழியும் விலை ஏற்றுகிறது.

அழகுக்காக மரக்கிண்ணம் வாங்குபவரோடு நமக்கு வழக்கில்லை. புரூக்லினைச் சேர்ந்த கிராடோ 2015இல் அதே ஊரில் வெட்டுண்ட மேப்பிள் மரத்தைக்கொண்டு ஜிஎச்1 செய்தது. அதை விரும்பி வாங்கியவர் தம் ஊர் மரம் என்று சொன்னால் அந்தக் காரணம் நமக்குப் புரிகிறது. மதிப்புரை எழுதுபவர்களிடம் நாம் கேட்பது வேறு. கிண்ணத்தின் எடை, உள்ளாழம், சுவரின் தடிப்பு, உள்ளே ஒட்டியது எது, மெத்தை எது என்பவற்றை முதலில் எழுதட்டும். மரத்தின் பெயரைக் கடைசி வரியில் எழுதிக்கொள்ளலாம்.