அப்பாவும் பெங்குவினும்

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது மைக்ரோசாஃப்ட். உலகம் முழுக்கப் பெரிய பெரிய நிறுவனங்கள் இதற்காகக் கூட்டம் போட்டுப் பேசின. வேங்கிக்காலில் ஓர் அப்பாவுக்கு இது தெரியவே தெரியாது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து மனு டைப் அடித்துக் கொடுப்பவர் அவர். திரையில் தினமும் ஒரு எச்சரிக்கை வரும். அவர் தினமும் அதை மூடுவார். "கரண்ட் பில் கட்டச் சொல்லுதோ இன்னாவோ" என்பது அவர் கணிப்பு.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்தாள். (அன்றைக்குப் பார்த்து பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். அவள் மனநிலை பற்றி இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.) எச்சரிக்கையைப் பார்த்தாள். கணினி 2015-ல் வாங்கியது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்றொரு பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். இது நாலாம் தலைமுறை. ஆக இரண்டே வழி. புதுசு வாங்கு, இல்லை லினக்ஸ் போடு.

இங்கே ஒரு வணிகவியல் கணக்கு. வருமான வரிச் சட்டப்படி கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம். 30,000 ரூபாய்க்கு வாங்கிய பெட்டி பத்து வருஷம் கழித்து ஏட்டில் 181 ரூபாய்தான் பெறும். ஏட்டைக் கேட்டால் தூக்கிப் போடு என்றுதான் சொல்லும். ஆனால் அந்தப் பெட்டி நேற்று வரை மனு அடித்துக் கொடுத்தது, இன்றும் கொடுக்கும். அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் விரல்களுக்கு எத்தனை சதவீதம் தேய்மானம் போடுவது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். மகள் லினக்ஸ் மிண்ட் போட்டாள். "மிண்ட்னா புதினாப்பா" என்று விளக்கம் வேறு. அப்பா வந்து உட்கார்ந்தார். முதல் கேள்வி, "இன்னாம்மா, ஸ்டார்ட் எங்க போச்சு?" இரண்டாவது, "நீல கலர் 'இ' எங்க?" நெருப்பு நரியைக் காட்டினாள். "நெட்டுக்குப் போறதுக்கு எதுக்கும்மா நரி?" இதற்கு எந்தக் கணினிப் பொறியாளரிடமும் நல்ல பதில் கிடையாது :)

இது வரைக்கும் சிரிப்பு. இனிமேல்தான் வில்லங்கம். திங்கட்கிழமை குறைதீர் நாள். "ஐயா, வணக்கம்" என்பதை அப்பா எப்படியோ தடவித் தடவி அடித்துவிட்டார். அடுத்து 'கலெக்டர்' என்று அடிக்கப் போனார். முதல் எழுத்திலேயே 'க' வர வேண்டிய இடத்தில் 'ஃ' வந்து நின்றது.

காரணம் ரொம்பச் சின்னது. அப்பா தமிழ்த் தட்டச்சு படித்தது இன்ஸ்டிட்யூட்டில், இரும்பு மெஷினில். இங்கிலீஷ்காரருக்கு 'ஏஎஸ்டிஎஃப்' எப்படியோ அப்படி அவருக்கு 'யளனக'. இடது ஆள்காட்டி விரல் எங்கே இருக்கிறதோ அங்கே 'க'. கணினி வந்தபோது பாமினி எழுத்துருவும் அதே இடத்தில்தான் 'க' வைத்திருந்தது, அதனால் மெஷினிலிருந்து கணினிக்கு மாறியதே அவருக்குத் தெரியவில்லை. மகளோ நல்ல எண்ணத்தில் தமிழ்99 போட்டுவிட்டாள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. புதிதாகக் கற்பவருக்கு அருமையானது. ஆனால் அதில் இடது ஆள்காட்டி விரலுக்கு அடியில் இருப்பது ஆய்தம். தவிர, அதில் 'கெ' வேண்டுமென்றால் 'க' அடித்துவிட்டு 'எ' அடிக்க வேண்டும். கையால் எழுதும்போதும் மெஷினிலும் கொம்பு முதலில், எழுத்து பிறகு. "கொம்பு முளைக்காம மாடு எங்கம்மா வரும்?" என்று அப்பா கேட்டது நியாயமான கேள்விதான்.

'இந்தப் பெரிசுங்களுக்குக் கத்துக்க இஷ்டமே இல்லப்பா' என்று சொல்வது நம் தலைமுறையின் வழக்கம். சொல்வதற்கு முன்னால் ஒரு பரிசோதனை செய்து பார்க்கலாம். உங்கள் செல்போனில் எழுத்துகளை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டு, எதிரே ஒரு பாட்டியை உட்கார வைத்து, "முதியோர் பென்ஷன் நின்னுபோச்சு, பத்தரை மணிக்குள்ள மனு குடுக்கணும், எழுது தம்பி" என்று சொன்னால் எத்தனை பேர் தேறுவோம்? அன்றைக்கு அந்தப் பாட்டி பக்கத்துக் கடைக்கு எழுந்து போய்விட்டார். அப்பாவுக்கு அந்த மனுக்கான கூலி போனது பெரிதில்லை. முப்பது வருஷமாக விசையைப் பார்க்காமல் அடிக்கிறவர் என்று பேர் வாங்கினவர் அன்றைக்குக் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடியதை நாலு பேர் பார்த்தார்கள். அதுதான்.

லினக்ஸ் தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. எல்காட்டின் நிர்வாக இயக்குநராக சி. உமாசங்கர் இருந்த 2006-07 வாக்கிலேயே அங்கே சூசே லினக்ஸ் வந்துவிட்டது. சென்னை சி-டாக் செய்த 'பாஸ்' லினக்ஸ் 2007-ல் வந்தது. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் விண்டோஸோடு பாஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். மாணவர்கள் செய்த முதல் வேலை, கடைக்கு எடுத்துப் போய் "அண்ணா, இதை எடுத்துட்டு நல்லதா ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றதுதான். இந்தக் கதையின் மகளும் பன்னிரண்டாம் வகுப்பில் அப்படித்தான் செய்தாள். அந்த மடிக்கணினி இன்னும் பரணில், அந்தப் பையிலேயே தூங்குகிறது. பதினேழு வயதில் லினக்ஸ் வேண்டாம் என்று ஓடியவள், அறுபத்து இரண்டு வயதுக்காரருக்கு அது சுலபம் என்று பாடம் எடுக்கிறாள். ஹ்ம்ம்.

வெளிநாட்டிலும் இதே பாடுதான். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது, வருஷக்கணக்கில் பாடுபட்டு மாறியது, 2017-ல் விண்டோஸுக்கே திரும்புவது என்று முடிவெடுத்தது. ஒரு நகராட்சிக்கே இந்தக் கதி என்றால் வேங்கிக்கால் அப்பாவைக் குறை சொல்வானேன்? மென்பொருள் இலவசம் என்பது உண்மை. மாறுவதற்கான செலவு இலவசம் இல்லை, அது யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் ஞாயிறு ராத்திரி பஸ் ஏறுகிறவர் தலையில் விழுவதில்லை. திங்கட்கிழமை கடை திறப்பவர் தலையில் விழுகிறது.

அதற்காக விண்டோஸிலேயே கிடக்கலாம் என்றும் இல்லை. பாமினிக்கு இன்னொரு முகம் உண்டு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் நாலு இங்கிலீஷ் எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அப்பா அடித்த மனுவை யாராவது மின்னஞ்சலில் அனுப்பினால் போய்ச் சேரும் இடத்தில் மந்திரம் மாதிரி இருக்கும். 2010-லேயே தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. அப்பாவின் கணினியில் பத்து வருஷ மனுக்கள் இருக்கின்றன, ஒரு பேரைத் தமிழில் தேடினால் ஒன்றும் அகப்படாது. ஆக மாற்றம் தேவைதான். ஆனால் மாற வேண்டியது கணினிக்குள் இருக்கும் குறியீடு. விரல் எதற்கு மாற வேண்டும்?

இதற்கான வழி லினக்ஸிலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை. அதன் தமிழ் உள்ளீட்டு முறைகளில் தமிழ்99 ஒன்று, பழைய தட்டச்சு முறை இன்னொன்று. யாரோ முகம் தெரியாத தன்னார்வலர் எப்போதோ செய்து வைத்திருக்கிறார். தமிழில் இவற்றைப் பற்றி எழுத 2012-லிருந்து கணியம் இருக்கிறது, பக்கத்து விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. மகள் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. அவள் கேட்க வேண்டியிருந்தது இவர்களிடம்கூட இல்லை. "நீ எப்படிப்பா அடிப்பே?" என்று அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி. பிள்ளைகள் கேட்காத கேள்வி அதுதான். மவுஸைப் பிடுங்கிக்கொண்டு "நகரு, நான் பண்றேன்" என்பதுதான் நம் உதவி செய்யும் லட்சணம். பின்னால் நின்று பார்க்கும் அப்பாவுக்கு நாம் கிளிக்கும் வேகத்தில் தெரிவது நம் முதுகு மட்டும்.

திங்கள் மதியம் போனில் நடந்தது இது.

"ஏம்மா, என் 'க' எங்க வெச்ச?"

"எந்த கப்பா?"

"ஆள்காட்டி வெரலுக்குக் கீழ இருக்குமே, அது."

அவளுக்குப் புரிய பத்து நிமிஷம் ஆனது. புரிந்ததும் போனிலேயே ஒவ்வொரு கிளிக்காகச் சொல்லச் சொல்ல, இந்த முறை மவுஸ் அப்பா கையில் இருந்தது. 'யளனக' வந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. அரை நிமிஷத்துக்கு விசைச் சத்தம் மட்டும் கேட்டது.

பாமினியில் கிடந்த மனுக்களை ஒருங்குறிக்கு மாற்றும் வேலை தீபத்துக்கு லீவில் வந்தபோது முடிந்தது. பிரிண்டர் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. பிரிண்ட் எடுக்க பென் டிரைவோடு எதிர்க் கடைக்கு ஓடுகிறார், மகளைத் திட்டிக்கொண்டே.

இதற்கிடையில் அந்த எதிர்க் கடைக்காரரும் தன் கணினியில் 'அந்தப் புதினாவை'ப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அப்பா ஐந்நூறு ரூபாய் சொல்லியிருக்கிறார். மகளுக்கு அதிர்ச்சி.

"அது ஃப்ரீப்பா! காசு கேக்கக் கூடாது!"

"சாப்ட்வேர் ஃப்ரீம்மா. அவன் 'க'வை அவன் எடத்துலயே வெக்கிறதுக்குத்தான் ஐந்நூறு."