நாய்க்குச் சீப்பு எதற்கு?

2024 மே மாதக் கடைசி. நம் ஊரில் கத்திரி வெயில் முடியும் தறுவாயில் இங்கே நாக்பூரில் ‘நவ்தபா’ தொடங்கிவிடும். ஒன்பது நாள் கொடும் வெயிலுக்கு இங்குள்ளவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. கூலருக்குத் தண்ணீர் ஊற்றி மாளாது. அப்படி ஒரு மாலையில் சங்கத்து அன்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கதவு திறந்ததும் காலடியில் ஏதோ ஒன்று வந்து நின்றது. ஆட்டுக்குட்டியோ என்று ஒரு கணம் திகைத்துப் போனேன். பார்த்தால் அவர்கள் வீட்டு வெள்ளைப் பொமரேனியன்! தலையையும் வால் நுனியையும் விட்டுவிட்டு உடம்பு முழுவதும் மொட்டை. முதுகில் தோல் சிவந்து கிடந்தது.

“வெயிலுக்கு இதமா இருக்கட்டுமேன்னு எடுத்துட்டோம் சார். தினம் உட்கார்ந்து வாரறதுக்கு இந்த வீட்டில யாருக்கு நேரம் இருக்கு?” என்றார் அன்பர். உள்ளிருந்து அவருடைய மாமியார், “நாய்க்குச் சீப்பு என்ன, சிங்காரம் என்ன? எங்க ஊர்ல நாயைக் குளிப்பாட்டினதுகூடக் கிடையாது” என்று ஒரு போடு போட்டார்.

இரண்டு பேருக்கும் அங்கேயே பதில் சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பதில் இல்லாமல் அல்ல. நானே ஒரு காலத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றவன். அதைச் சொல்லாமல் அடுத்தவருக்குப் புத்தி சொல்வது சரியல்ல என்று பட்டது. இப்போது இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்த அம்மையார் சொன்னதில் பொய் இல்லை. நம் ஊர் நாய்களுக்குச் சீப்பு வேண்டாம்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் உடம்போடு ஒட்டிய குட்டை முடிக்காரர்கள். மழையில் நனைந்தால் ஒரு உதறு உதறினால் போதும். அந்த வெயிலிலேயே பிறந்து, அந்த வெயிலுக்கென்றே அமைந்த உடம்பு. ஆனால் இன்று வடக்கே குடியிருப்புகளில் நாம் வளர்ப்பது அவற்றையா? 1994-இல் ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ படத்தில் டஃபி என்ற வெள்ளை நாய் வந்து போனதும் வீட்டுக்கு வீடு குழந்தைகள் அதைக் கேட்டார்கள். பொமரேனியன் என்று நாம் அழைக்கும் அது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். அதற்குப் பிறகு லாசா ஆப்ஸோ, ஷிட்ஸு என்று வரிசையாக வந்தன. லாசாவின் பூர்வீகம் திபெத். மடாலயங்களுக்குள் காவலுக்கு வைத்திருந்த நாய். அந்தக் குளிருக்கு வளர்ந்த முடியை விதர்ப்பா வெயிலுக்கும் மழைக்கும் நாம் கொண்டு வந்துவிட்டோம். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்த பழமொழியில் நாயைத்தான் கேலி செய்வார்கள். வைத்தவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

எங்கள் வீட்டு லாசாவின் பெயர் மோத்தி. 2019-இல் மகன் வாங்கி வந்தான். 2021-இல் அவனுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. “ஃப்ளாட் சின்னதுப்பா, கொஞ்ச நாள் உங்ககிட்ட இருக்கட்டும்” என்றான். நம் சங்கத்தில் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகள் பறந்துவிடுவார்கள், நாய் நம்மிடம் தங்கிவிடும்.

எனக்கும் அதில் வருத்தம் இல்லை. ஓய்வு பெற்றவனுக்கு ஒரு துணை. மாலையில் பிரஷ்ஷை எடுத்து அதன் முதுகில் நாலு இழுப்பு இழுப்பேன். பட்டுப் போல மின்னும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கடைக்குக் கொண்டு போய் வெட்டிக் குளிப்பாட்டி வருவேன். கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

2022 ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. மோத்தியிடம் ஒரு வாடை. ஈர நாய் வாடை என்று விட்டுவிட்டேன். பிறகு சாப்பாட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பியது. படியேற மறுத்தது. கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் காதுக்குப் பின்னால் விரலை விட்டார். விரல் உள்ளே போகவில்லை. மேலே பட்டு, அடியில் ஜமுக்காளம்! உதிர்ந்த முடி வெளியே விழாமல் உள்ளேயே சிக்கி, ஈரம் பட்டு இறுகி, ஒரே தடுக்காக அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஒட்டிக் கிடந்தது. மெஷினால் அதை எடுத்தபோது அடியில் தோல் புண்ணாகி நீர் கசிந்துகொண்டிருந்தது. காது மடலுக்குள்ளும் விரல் இடுக்குகளிலும் உண்ணிகள். ஈறுகள் வெளுத்திருந்தன. வயிற்றில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் மிகவும் குறைவு. டெங்குவில் நாம் கேள்விப்படுவோமே, அதே பிளேட்லெட்தான். உண்ணிக் காய்ச்சல் என்றார்.

டாக்ஸிசைக்ளின் மாத்திரை இருபத்தெட்டு நாள். முதல் வாரம் பிழைக்குமா என்றே தெரியவில்லை. ஊசிக்குழலால் கஞ்சித் தண்ணீரை வாயோரமாக விட்டுக்கொண்டு என் மனைவி இரவெல்லாம் விழித்திருந்தாள்.

மருத்துவர் இளைஞர். மரியாதை குறையாமல் இந்தியில் கேட்டார்: “காகாஜி, வீட்டில் யார் இதற்கு முடி வாருகிறார்கள்?” நான்தான் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள். “ஏங்க, நம்ம பொண்ணுக்குப் பதினஞ்சு வருஷம் தலை பின்னி அனுப்பினேனே, ஒரு நாளாவது பார்த்திருக்கீங்களா? மேல தடவிக்கொடுத்தா சிக்கு போகுமா? நுனியிலேர்ந்து வரணும். வகிடு எடுத்து வகிடு எடுத்து வாரணும். வேரை இன்னொரு கையால பிடிச்சுக்கணும், இல்லேன்னா வலிக்கும்.”

பிற்பாடு புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். நீள முடி நாய்க்கு வெளிநாட்டு நிபுணர்கள் எழுதியிருக்கும் முறை வார்த்தைக்கு வார்த்தை இதுவேதான். நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, முடியை மேலே தூக்கிப் பிடித்து, அடியில் தோல் தெரியும்படி வகிடு எடுத்து, அந்த ஒரு வரியை மட்டும் வாரி, பிறகு விரலகலம் மேலே அடுத்த வகிடு. ஸ்லிக்கர் பிரஷ்ஷால் முதலில், ஸ்டீல் சீப்பால் பிறகு. சீப்பு தோலிலிருந்து நுனிவரை தடையில்லாமல் இறங்கினால்தான் அந்த வகிடு முடிந்தது என்று கணக்கு. பிரஷ் பொய் சொல்லும், சீப்பு சொல்லாது.

இரயில்வேயில் நிரந்தர வழிப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எங்களிடம் கீமேன் என்று ஒருவர் உண்டு. தினமும் தன் பகுதி முழுவதையும் நடந்தே பார்க்க வேண்டும். போகும்போது ஒரு தண்டவாளத்தை ஒட்டிப் போவார், திரும்பும்போது மற்றத் தண்டவாளத்தை ஒட்டி வருவார். தளர்ந்ததை அங்கேயே தட்டி இறுக்குவார். நாங்கள் தள்ளுவண்டியில் உட்கார்ந்து பார்வையிடப் போவதும் உண்டுதான். ஆனால் கீமேன் ஒரு மாதம் நடக்காவிட்டால் எங்கள் பார்வையால் என்ன பிரயோஜனம்? முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இதை மற்றவர்களுக்குச் சொன்ன நான், என் வீட்டு நாயைத் தள்ளுவண்டியில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறேன்.

ஆகவே அந்த அம்மையாருக்கு என் பதில் இது. நாய்க்குச் சீப்பு சிங்காரத்துக்காக அல்ல. அந்த முடிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க நமக்கு வேறு வழி கிடையாது. உண்ணி, புண், கட்டி, காதில் சீழ், எதுவும் மேலே தெரியாது. நாய் வாய் திறந்து சொல்லவும் சொல்லாது. கடைக்காரர் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் பார்க்கிறார். பழுப்பு உண்ணி ஒன்று வயிறு நிறைய இரத்தம் குடித்துக் கீழே விழுந்து, சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, குஞ்சுகள் மறுபடி நாயின்மேல் ஏற அந்த இரண்டு மாதம் தாராளம். கடைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெட்டுவது அவர் தொழில், அதைச் செய்யட்டும். தினப்படி பார்ப்பதை நாம் அவர் தலையில் கட்ட முடியாது.

இனி மொட்டை விவகாரம். நமக்கு வெயிலில் தலை முடி வெட்டினால் சுகமாக இருக்கிறது, ஆகவே நாய்க்கும் இருக்கும் என்று நினைக்கிறோம். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், காற்று பட்டால் குளிரும். நாய் வியர்ப்பது பாதத்தில்தான். உடம்புச் சூட்டை அது நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் தணித்துக்கொள்கிறது. தோலை வெளியே காட்டினால் நேர் வெயில் நேராகத் தோலைச் சுடும். ஸ்பிட்ஸ் இன நாய்க்கு மேல் முடி ஒன்று, அடியில் பஞ்சு முடி ஒன்று என இரட்டைப் போர்வை. அதை அடியோடு மழித்தால் சில நாய்களுக்கு மறுபடி முடி சரியாக வளராமல் திட்டுத் திட்டாக நின்றுவிடும். அதற்கு வேண்டியது, உதிர்ந்து உள்ளே நிற்கும் பஞ்சு முடியை வாரி வெளியே எடுப்பது. காற்றோட்டம் தானாக வரும். லாசா, ஷிட்ஸு வேறு ரகம். அவற்றின் முடி நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே இருப்பது. வெட்டலாம், தோல்வரை மட்டும் போகக் கூடாது. மோத்திக்கு ஓர் அங்குலம் விட்டு வெட்டச் சொல்கிறேன். கண்காட்சிக்கா அனுப்பப் போகிறோம்? ஓர் அங்குலம் இருந்தால் வாருவதற்குப் பதினைந்து நிமிடம் போதும். தரையைத் துடைக்கும் நீளத்துக்கு வளர்ப்பவர்கள் முக்கால் மணி ஒதுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்த இன்னொரு தவற்றையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். சனிக்கிழமை தோறும் மோத்திக்கும் தேங்காய் எண்ணெய், சீயக்காய்! இது மனைவியின் ஏற்பாடு. எண்ணெய் முடியில் தெருப் புழுதி ஒட்டி, சிக்கு இன்னும் இறுகியது. மிச்ச எண்ணெயை அது நக்கியே தீர்த்தது. சீயக்காய் கண்ணில் பட்டால் நமக்கே எரியும். நம் ஷாம்பூவும் ஆகாது. நம் தோல் சற்றுப் புளிப்புத் தன்மை உடையது, நாயின் தோல் அப்படி இல்லை. நாய்க்கென்றே விற்பதை வாங்குவதுதான் சரி.

குளிப்பாட்டுவதற்கு முன்பே முழுதும் வாரிவிட வேண்டும் என்பதும் எனக்குப் புதுப் பாடம். சிக்கோடு தண்ணீர் ஊற்றினால் கம்பளி போலச் சுருங்கி இறுகிவிடும், பிறகு கத்தரிதான். குளித்தபின் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் மறுபடி சிக்கு. மழைக்காலத்தில் அடிமுடிவரை காயாமல் விட்டால் தோல் புண்ணாகும் என்பதை மோத்தி காட்டிவிட்டது. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடிக்கலாம்.

சின்னச் சிக்கானால் விரலால் பிரித்து, கொஞ்சம் சோள மாவு தூவி, நுனியிலிருந்து வாருங்கள். கத்தரி எடுத்தே ஆக வேண்டுமானால் சிக்குக்கும் தோலுக்கும் நடுவே சீப்பை நுழைத்துக்கொண்டு, சீப்புக்கு மேல் பக்கமாக வெட்டுங்கள். இழுத்துப் பிடித்தால் தோலும் கூட எழும்பி வரும், தெரியாமல் வெட்டிவிடுவோம். உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், தீக்குச்சி வைத்தியமெல்லாம் வேண்டாம், விரலால் நசுக்கவும் வேண்டாம். நகம் வெட்டுவது பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகும். கறுப்பு நகமாக இருந்தால் மருத்துவரிடம் ஒரு முறை பார்த்துக் கற்றுக்கொண்டு பிறகு செய்யுங்கள்.

பிள்ளைகள் விஷயம் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். குட்டி வாங்கும்போது விலை விசாரிக்கிறோம், நிறம் பார்க்கிறோம். அதன் ஆயுள் பன்னிரண்டு, பதினான்கு வருடம், அதுவரை தினம் பதினைந்து நிமிடம் உட்காரப் போவது யார் என்று எந்த வீட்டிலும் பேசுவதில்லை. பேசினால் பாதி வீடுகள் குட்டை முடி நாய் போதும் என்பார்கள். மீதிப் பாதியில் சிலர் நாயே வேண்டாம் என்பார்கள். இரண்டுமே நல்ல முடிவுதான். எழுபது வயதில் குனிந்து நாயின் அக்குளை வாரும் வேலையைப் பெற்றோருக்குச் சீதனமாக விட்டுப் போவதைவிட நல்லது.

2023 தீபாவளிக்கு மகன் வந்தான். மோத்தியைப் பார்த்து, “சூப்பரா வச்சிருக்கீங்கப்பா” என்றான். சீப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் முதுகை வாரிவிட்டு எழுந்தான். “உட்காரு, இன்னும் அடிவயிறு, காது, நாலு காலும் பாக்கி” என்றேன். அன்று முக்கால் மணி ஆயிற்று. இடது காதுக்குப் பின்னால் ஓர் உண்ணியை அவனே கண்டுபிடித்தான். இப்போது தொலைபேசியில் பேசும்போது அம்மாவின் முழங்கால் வலிக்கு அடுத்தபடி மோத்தியின் காதைத்தான் விசாரிக்கிறான்.

பொமரேனியன் வீட்டு அன்பரைச் சமீபத்தில் கடைத்தெருவில் பார்த்தேன். முடி முதுகில் திட்டுத் திட்டாகத்தான் வந்திருக்கிறதாம். வரும் ஞாயிறு மாலை நாயோடு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மாமியாரும் வருவதாகக் கேள்வி. காபி எங்கள் செலவு. சீப்பு மட்டும் அவர்கள் கொண்டு வர வேண்டும். ஒரு நாயின் சீப்பை இன்னொன்றுக்குப் போட்டால் படை தொற்றிக்கொள்ளும்.